செவஸ்தபோலைக் கட்டியவர்களுக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு மடல்

இங்கிலாந்தின் ஹோர்ஷம் நகரில், கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனத்தில் 'ஏலியன்: ஐசோலேஷன்' என்ற வீடியோ விளையாட்டை ஆக்கியவர்களுக்கும், இப்போது அதன் இரண்டாம் பாகத்தில் வேலை செய்துகொண்டிருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் விளையாட்டு 2014 ஒக்டோபர் 7 ஆம் திகதி வெளிவந்தது. பத்து வருடம் கழித்து, 2024 ஒக்டோபரில், இரண்டாம் பாகத்தின் வேலை தொடங்கிவிட்டது என்று உங்கள் படைப்பு இயக்குநர் அல் ஹோப் அறிவித்தார். அந்தச் செய்தியைத் தம்பிதான் எனக்கு அனுப்பினான். அவன் இப்போது கட்டாரில் வேலை. "அக்கா, திரும்ப வருது" என்று மட்டும் எழுதியிருந்தான். எது வருகிறது என்று நான் கேட்கவில்லை.

இந்த மடலில் நன்றியும் இருக்கிறது, குறையும் இருக்கிறது. வேலை இன்னும் முடியாத நேரம் என்பதால் குறைகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன். கதையின் கடைசிக் காட்சி வரைக்கும் பேசுவேன். இன்னும் விளையாடாத யாராவது இதை வாசிக்க நேர்ந்தால், விளையாடி முடித்துவிட்டு வந்து வாசிக்கட்டும்.

தாயைத் தேடும் மகளிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என்னை உள்ளே இழுத்தது அவள்தான்.

அமண்டா ரிப்லியின் தாய் எலன், நோஸ்ட்ரோமோ என்ற கப்பலில் வேலைக்குப் போனவர். கப்பலும் வரவில்லை, ஆளும் வரவில்லை. பதினைந்து வருடம் போய்விட்டது. 2137 ஆம் ஆண்டில் ஒருவர் வந்து, அந்தக் கப்பலின் கறுப்புப் பெட்டி செவஸ்தபோல் என்ற விண்வெளி நிலையத்தில் இருக்கிறது என்று சொல்கிறார். அவள் உடனே புறப்பட்டுவிடுகிறாள். தாய் உயிரோடு கிடைப்பார் என்று அவள் நம்பிப் போகவில்லை. என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை தெரிந்தால் போதும் என்று போகிறாள்.

எங்கள் ஊரில் இதை யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. காணாமல் போன பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரத்தில் இருக்கிற தாய்மாரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எந்தக் காரியாலயத்தில் எந்தக் கோப்பில் ஒரு பெயர் இருக்கிறதாம் என்று யாராவது சொன்னால், விடியற்காலை பஸ்ஸைப் பிடித்துப் போகிற ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். ஆகவே அங்கே போகிற டொரன்ஸ் என்ற கப்பலில் அமண்டா ஏறியபோது, இவள் ஏன் இவ்வளவு தூரம் போகிறாள் என்ற கேள்வி எனக்கு வரவே இல்லை. பயமுறுத்துகிற விளையாட்டுகளில் பெரும்பாலும் அந்த இடத்துக்குப் போவதற்கு ஒரு சாட்டு மட்டும்தான் இருக்கும். நீங்கள் ஒரு காரணம் தந்திருந்தீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் காட்டிய பொறுமை! நிலையத்துக்குள் ஆட்களை வேட்டையாடித் திரிகிற வேற்றுலக உயிரினம் ஒன்று இருக்கிறது. உள்ளே போய் நெடுநேரம் வரை அதை முழுசாகக் காட்டவே இல்லை. வெறும் வழிநடைகள், பாதி எரிகிற லைற்றுகள், சுவரில் கிறுக்கிய எழுத்துகள், ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கிடக்கிற பயணப்பெட்டிகள். தம்பி பக்கத்தில் இருந்து, "எங்க அக்கா அது, எங்க அது" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒரு அறையில் மேலே இருந்த காற்றுத் துவாரத்திலிருந்து அது இறங்கியது. அமண்டா மேசைக்கடியில் கிடந்தாள். அதன் கால்கள் எங்கள் கண்ணுக்கு முன்னால் நடந்து போயின. தம்பி வாயை மூடிக்கொண்டான். மார்கழி மழைக்காலம் அது, தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் வாங்கிய பழைய கொம்பியூட்டரின் விசிறிச் சத்தம்கூட அப்போது எங்களுக்குப் பயமாக இருந்தது.

பிறகுதான் அதை எப்படிச் செய்தீர்கள் என்று தேடிப் படித்தேன். அந்த உயிரினத்துக்கு நீங்கள் இரண்டு மூளை வைத்திருக்கிறீர்கள். மேலே இருக்கிற ஒன்றுக்கு விளையாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்று எப்போதும் தெரியும். கீழே நடந்து திரிகிற உயிரினத்துக்கு அது தெரியாது. மேலே இருப்பது, 'அந்தப் பக்கம் போய்ப் பார்' என்று மட்டும் சொல்லும். எந்த லொக்கரில் ஒளிந்திருக்கிறோம் என்று காட்டிக்கொடுக்காது. மிச்சத்தை அது தன் கண்ணாலும் காதாலும்தான் கண்டுபிடிக்க வேண்டும். நெருக்கம் அளவுக்கு மிஞ்சிப் போனால், மேலே இருப்பது அதைத் திரும்பக் கூப்பிட்டுத் துவாரத்துக்குள் அனுப்பிவிடும். நமக்கு மூச்சுவிடக் கொஞ்ச நேரம் கிடைக்கும். அப்புறம் மறுபடியும் வரும்.

எங்கள் கரையில் தூண்டில் போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த வித்தை. பெரிய மீன் கொத்தினால் ஒரேயடியாக இழுக்கமாட்டார்கள், நூல் அறுந்துவிடும். விட்டுப் பிடிப்பார்கள். மீன் தப்பிவிட்டேன் என்று நினைத்து ஓடும், அந்த ஓட்டத்திலேயே களைக்கும். சான் கிறிஸ்டோபல் மருத்துவப் பிரிவில் நீங்கள் என்னை அப்படித்தான் விட்டுப் பிடித்தீர்கள். ஒரு கட்டிலுக்குக் கீழே இருந்து அடுத்த கட்டிலுக்குப் போக எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று நினைத்தால் இப்போதும் தோள் இறுகுகிறது.

அதைக் கொல்ல முடியாது என்ற முடிவில் நீங்கள் கடைசிவரைக்கும் நின்றதும் எனக்குப் பெரிய விசயம். தீப்பிழம்பு வீசும் கருவி ஒன்று பிறகு கையில் கிடைக்கும். முதலில் அதற்குப் பயந்து ஓடும். போகப்போக அந்தப் பயம் குறைந்து, தள்ளி நின்று நம்மைப் பார்க்கத் தொடங்கும். எரிபொருள் தீருகிற நேரத்தை அது எண்ணுகிற மாதிரி இருக்கும். உண்மையில் எண்ணுகிறதா இல்லையா என்பது முக்கியமில்லை. எண்ணுகிறது என்று என்னை நம்ப வைத்தீர்கள்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. 2015 இல் ஒலிக்கான பிரித்தானியாவின் பாஃப்டா விருது உங்களுக்குக் கிடைத்தது. எனக்கு அதைவிடப் பெரிய சான்று அம்மா. அம்மா விளையாட்டு எதையும் பார்க்கிறவர் இல்லை. ஒரு நாள் நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனபோது, அதை எடுத்துக் காதில் வைத்திருக்கிறார். நான் திரும்பி வரும்வரை அசையாமல் இருந்தார். கூரைக்கு மேலே எதுவோ ஓடுகிற சத்தம், அது நிற்கிறது, பிறகு ஒன்றுமில்லை. கையிலுள்ள அசைவு காட்டும் கருவி மட்டும் விட்டு விட்டுத் துடிக்கிறது. அம்மா ஹெட்போனைக் கழற்றி என்னிடம் தந்து, "சத்தம் நிண்டாப் பிறகுதான் பயம்" என்று சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. யுத்த காலத்தில் செல் கூவிக்கொண்டு வருகிற சத்தத்தை வைத்து அது எந்தப் பக்கம் விழும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னவர் அவர். பதுங்குகுழிக்குள் இருந்து காதால் பார்த்த காலம் அது. உங்கள் விளையாட்டு அவருக்குப் பிடித்ததா என்று நான் கேட்கவில்லை. ஆனால் அதில் பொய் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்த அசைவு காட்டும் கருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தூக்கிப் பார்த்தால் கருவி தெளிவாகத் தெரியும், எதிரே இருக்கும் வழி மங்கிவிடும். வழியைப் பார்த்தால் கருவி மங்கிவிடும். ஒரே நேரத்தில் இரண்டையும் பார்க்க முடியாது. சாமான்களைச் சேர்த்து ஏதாவது செய்யும்போதும், கொம்பியூட்டர் திரையில் ஒரு கடிதத்தை வாசிக்கும்போதும் உலகம் நிற்காது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்துவிடும். இவையெல்லாம் சின்ன முடிவுகள் என்று தோன்றலாம். எனக்கு இவைதான் விளையாட்டே.

பிஎஸ்4 என்ற விளையாட்டுப் பெட்டி வைத்திருந்த ஒரு சிநேகிதியின் வீட்டில் இன்னொன்றையும் கண்டேன். கமராவில் இருக்கும் மைக்கைத் திறந்துவிட்டால், நம் வீட்டு அறையில் எழும் சத்தமும் அந்த உயிரினத்துக்குக் கேட்கும். குசினியில் பிரஷர் குக்கர் விசிலடித்தது, அது எங்களைத் தேடி வந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் மெதுவாகக் கதைத்தார்கள். சின்னப் பிள்ளைகள்கூட விரல்நுனியில் நடந்தார்கள். ஒரு விளையாட்டு ஒரு வீட்டையே அடக்கி வைத்ததை நான் அன்றுதான் பார்த்தேன். இரண்டாம் பாகத்தில் இதைக் கைவிட்டுவிடாதீர்கள்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள், செவஸ்தபோல் என்பதும் கருங்கடலில் உள்ள ஒரு துறைமுகத்தின் பெயர். உங்கள் நிலையமும் ஒரு துறைமுகம்தான், கப்பல் வராமல் போன துறைமுகம். நடத்திய கொம்பனி கைவிட்டுவிட்டது, மூடிவிட நாள் குறித்தாயிற்று, பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். எங்கள் சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்க் குதங்கள் 99 இருக்கின்றன. பல குதங்களைச் சுற்றிக் காடு ஏறி, துருப்பிடித்துக் கிடக்கின்றன. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் குண்டு போட்டபோது எரிந்த ஒன்றின் இடமும் அங்கே இருக்கிறது. பெரிய காரியத்துக்கென்று கட்டிய ஒன்று ஆளில்லாமல் நிற்கும்போது அதற்கென்று ஒரு அமைதி வரும். அந்த அமைதியை உங்களுடைய ஆட்கள் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். 1979 இல் வந்த 'ஏலியன்' படத்தின் காலத்துக்கு மேல் ஒரு பொருளையும் உள்ளே விடவில்லை. தடித்த பொத்தான்கள், பச்சை எழுத்துத் திரைகள், கசெட் நாடா. திரையில் தெரியும் கோடுகளும் நடுக்கமும் உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகப் படங்களைப் பழைய விஎச்எஸ் நாடாவில் பதிந்து, பழைய ரீவியில் ஓடவிட்டு, அதைத் திரும்பப் பிடித்துப் போட்டீர்கள் என்று படித்தபோது உங்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

அந்தப் பயணப்பெட்டிகளைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 2006 இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த பெரியம்மா எங்களிடம் வந்து சேர்ந்தபோது கையில் ஒரு பையும் இல்லை. கட்டிய பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு ஓடியதாகச் சொன்னார். செவஸ்தபோலின் புறப்பாட்டு மண்டபத்தில் அத்தனை பெட்டிகளையும் பார்த்தபோது, இங்கே என்ன நடந்தது என்று எந்த ஒலிப்பதிவும் எனக்குச் சொல்லத் தேவைப்படவில்லை. பெட்டிகள் கதவைப் பார்த்துத்தான் கிடந்தன.

சரி, இனிக் குறைகள்.

பெரிய குறை நீளம். பதினெட்டுக் கட்டங்கள். எனக்கு முடிக்க 24 மணிநேரத்துக்குக் கிட்ட எடுத்தது. நேரம் போனதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஆனால் பயம் என்பது அவ்வளவு தூரம் தாங்குகிற சரக்கு இல்லை. பத்தாவது கட்டத்தில் அந்த உயிரினத்தைப் பொறிவைத்துப் பிடித்து, நிலையத்தின் ஒரு துண்டோடு சேர்த்துக் கழற்றி விண்வெளியில் தள்ளிவிடுகிறார்கள். அமண்டாவும் அதற்குள்தான் இருக்கிறாள், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தாவி வருகிறாள். அந்த இடத்தில் நானும் தம்பியும் எழுந்து நின்று கத்தினோம். அதற்குப் பிறகு ஒரு அமைதி, பிறகு ஒரு முடிவு என்று வந்திருந்தால் இதற்கு நிகராக ஒன்றையும் சொல்லியிருக்கமாட்டேன். ஆனால் அங்கேயிருந்து எட்டுக் கட்டங்கள் மிச்சம் இருந்தன.

அந்த மிச்சத்தில் பெரும்பகுதி எடுபிடி வேலை. இந்தக் கதவைத் திற. கரண்ட் இல்லை. ஜெனரேற்றர் மற்றப் பக்கத்தில். அங்கே போனால் திறப்பு இல்லை. திறப்பை எடுத்துக்கொண்டு வந்தால் லிஃப்ற் வேலை செய்யாது. ஒரு காரியாலயத்துக்குப் போன ஆளை யன்னல் யன்னலாக அலைய விடுகிற மாதிரி அமண்டாவை அலைய விட்டீர்கள். அலைச்சல் கூடக் கூட, நான் உயிரினத்தை மறந்து கதவுகளை நினைக்கத் தொடங்கினேன். கோபம் வந்துவிட்டால் பயம் போய்விடும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

அதைவிட எனக்கு மனம் நொந்தது வேறொன்று. நடுப்பகுதியில் நீங்கள் தாயை மறந்துவிட்டீர்கள். கறுப்புப் பெட்டி தொடக்கத்திலேயே கிடைக்கிறது, அதில் இருந்த பதிவு அழிந்து போயிருக்கிறது. அவ்வளவுதான். பதினைந்து வருடம் காத்திருந்த ஒரு மகள் அந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த கதவைத் திறக்கப் போகிறாள். தாயின் குரல் அவளுக்குக் கிடைப்பது கிட்டத்தட்டக் கடைசியில், கறுப்புப் பெட்டியைக் கண்டெடுத்தவர்களின் அனெசிடோரா கப்பலில், அதுவும் ஓடுகிற ஓட்டத்தில். அந்தக் குரலைக் கேட்க நான் அவ்வளவு நேரம் விளையாடியிருக்கிறேன். அது வந்தபோது, கப்பல் வெடிக்கப்போகிறது என்று அதன்மேல் இன்னொரு அவசரத்தைப் போட்டுவிட்டீர்கள். எனக்கு ஒரு நிமிடம் இருந்திருக்க வேண்டும். அமண்டாவுக்கும்தான். எங்கள் ஊரில் அப்படிக் காத்திருக்கிற ஒருவருக்கு ஒரு கடிதம் கிடைத்தால், அதை வாசிக்கும்வரை வீட்டில் யாரும் அடுப்பைக்கூட மூட்டமாட்டார்கள்.

உயிரினம் இல்லாத கட்டங்களைத் தாங்க வேண்டிய பொறுப்பை வேர்க்கிங் ஜோ என்ற இயந்திர மனிதர்களிடம் கொடுத்தீர்கள். ரப்பர் முகம், வெளிச்சமான கண், கழுத்தை நெரிக்கும்போதும் மாறாத மரியாதைப் பேச்சு. முதலில் சந்திக்கும்போது உடம்பு கூசும். இருட்டான ஒரு அறையில் ஒன்று மேசையில் சும்மா இருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும், நமக்கு அது எழும்புமா இல்லையா என்று தெரியாது. நல்ல யோசனை அது. ஆனால் அவை மெதுவாக, நேராக வருகிறவை. ஒருதரம் பழகிவிட்டால் சுற்றிப் போய்விடலாம். நிலையத்தை நடத்துகிற அப்பல்லோ கணினியைத் தேடிப் போகிற பகுதியில் அவை கும்பல் கும்பலாக வந்தபோது ரவைகளை எண்ணிக்கொண்டிருந்தேன், மூச்சைப் பிடிக்கவில்லை. அந்தக் கணினி மனிதர்களைவிடக் கட்டளையைப் பெரிதாக எடுத்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று வருகிற கதை நல்ல கதை. அதற்கு இவ்வளவு சண்டை தேவைப்படவில்லை.

பிறகு நிலையத்தின் உலைக்குக் கீழே அந்த உயிரினங்களின் கூடு வருகிறது. ஒன்று இருந்த இடத்தில் பல வருகின்றன. இதைப் பற்றித் தம்பியும் நானும் இன்னும் வாதாடுகிறோம். தனக்கு அங்கேதான் வயிறு கலங்கியது என்று அவன் சொல்கிறான். எனக்கு அங்கேதான் பயம் இறங்கத் தொடங்கியது. அந்த ஒன்றை எனக்குத் தெரிந்திருந்தது. அதன் நடை, அது நிற்கிற விதம், துவாரத்திலிருந்து வடிகிற எச்சில், எல்லாம் ஒரு ஆளைத் தெரிந்த மாதிரி தெரிந்திருந்தது. பல என்றானதும் அந்த அறிமுகம் போய்விட்டது. அங்கே பாய்ந்து முகத்தில் ஒட்டிக்கொள்கிற சின்ன உயிரினங்களையும் விட்டீர்கள். அவற்றிடமிருந்து தப்ப யோசனை எதுவும் உதவாது, ஒரு நொடி பிந்தினால் சாவு. உங்கள் மற்றச் சாவுகளிலெல்லாம் என் பிழை எதுவென்று எனக்குத் தெரிந்தது. இதில் தெரியவில்லை.

மனிதர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிலையத்தில் தப்பியிருப்பவர்கள் கண்டவுடன் சுடுகிறார்கள். சிலர் எச்சரித்துப் போக விடுகிறார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது, அது இன்னும் கூடுதலாக இருந்திருக்கலாம். சத்தக் கருவி ஒன்றை அவர்கள் நடுவில் எறிந்தால் உயிரினம் வந்து அவர்களைக் கொன்றுவிடும். ஒரு தடவை செய்தேன். லொக்கருக்குள் நின்று அவர்கள் கத்துவதைக் கேட்டேன். அதன் பிறகு செய்யவில்லை. விளையாட்டு என்னை எதுவும் கேட்கவில்லை, எங்கேயும் அது கணக்கில் வரவும் இல்லை. இரண்டாம் பாகத்தில் வரட்டும். அத்தோடு முகங்கள்: இவ்வளவு அழகான நிலையத்துக்குள் மனிதர்களின் முகமும் வாயசைவும் மட்டும் மரம் மாதிரி இருந்தன. ஒலிப்பதிவுகளில் உயிரோடு இருந்தவர்கள் நேரில் வந்தபோது உயிரில்லாமல் இருந்தார்கள்.

விளையாட்டு விமர்சனத் தளமான ஐஜிஎன் உங்களுக்கு 10க்கு 5.9 கொடுத்தது. பிசி கேமர் சஞ்சிகை 100க்கு 93 கொடுத்தது. இந்த இரண்டு புள்ளியும் ஒரே விளையாட்டுக்கு எப்படி வந்தது என்று அப்போது பலர் சண்டை போட்டார்கள். எனக்கு அதில் புதிர் இல்லை. முதல் பத்துக் கட்டத்தை மனதில் வைத்தவர் 93 கொடுப்பார், அலைச்சலில் களைத்தவர் 5.9 கொடுப்பார். நான் முதலாவது ஆளோடு நிற்கிறேன், இரண்டாவது ஆள் சொல்வதும் எனக்கு விளங்குகிறது.

கடைசியாக, விளையாட்டில் வந்த இடத்தைச் சேமிக்கும் முறை. இதைப் பற்றி எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன்.

சுவரில் போன் மாதிரி ஒரு பெட்டி. அட்டையைச் சொருக வேண்டும். மூன்று விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்திலும் பின்னால் வந்து கொன்றுவிடலாம். பக்கத்தில் ஆபத்து இருக்கிறது என்று சில வேளை பெட்டியே எச்சரிக்கும். அப்போது, இப்போதே சேமிப்பதா, காத்திருப்பதா என்று நாங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். நான் விளையாடியவற்றில் இதைப் போல் இன்னொன்று இல்லை. தூரத்தில் அந்தப் பெட்டியின் சின்னச் சத்தம் கேட்டாலே மனசு லேசாகும். அதை எடுத்துவிடச் சொல்லி யாராவது எழுதினால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஆனால் எங்கள் ஊரில் கரண்ட் போகும்.

2022 இல் ஒரு கட்டத்தில் நாட்டில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. அந்த வருடம்தான் நான் உங்கள் விளையாட்டை இரண்டாம் தடவை தொடங்கினேன், தம்பி கிளம்பிப் போன பிறகு, தனியாக. அட்டவணையைப் பார்த்து விளையாடுவேன். ஆனால் அட்டவணை சொன்ன நேரத்துக்கு எப்போதும் கரண்ட் போகாது. சான் கிறிஸ்டோபலில் முக்கால் மணிநேரம் ஊர்ந்து, அந்தப் பெட்டிக்கு நாலைந்து அடி தூரத்தில் வந்துவிட்டேன். உயிரினம் துவாரத்துக்குள் போய்விட்டது, வழி வெறுமையாக இருந்தது. நான் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தேன். திரை கறுத்தது. யூபிஎஸ் பற்றறி எப்போதோ செத்திருந்தது, புதுசு வாங்குகிற விலையில் அப்போது யாருக்கும் எதுவும் வாங்க முடியாது. இருட்டில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று அந்த விளக்குகளை மனதுக்குள் எரித்துப் பார்த்தேன். கரண்ட் வந்தபோது முக்கால் மணிநேரத்துக்கு முன்னால் நின்றேன்.

அது உங்கள் உயிரினம் தந்த தோல்வியாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். அது என்னைப் பிடித்த தடவைகளை நான் கணக்கு வைத்ததில்லை.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். பெட்டி அப்படியே இருக்கட்டும், மூன்று விளக்கும் அப்படியே இருக்கட்டும். அதற்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல், விளையாட்டு ஒரு நிமிடத்துக்கு ஒருதரம் தனக்குள் குறித்துக்கொள்ளட்டும். கரண்ட் போய்த் திரும்ப வந்தால் அந்தக் குறிப்பிலிருந்து ஒரே ஒரு தடவை திறக்கட்டும், திறந்தவுடன் அழியட்டும். அமண்டா செத்தால் அந்தக் குறிப்பும் சாகட்டும், பழையபடி பெட்டியிலிருந்து தொடங்கட்டும். சிலர் சாகப்போகும் நேரத்தில் வேண்டுமென்று பிளக்கைப் பிடுங்குவார்கள் என்று நீங்கள் யோசிக்கலாம். பிடுங்கட்டும். திரும்பத் திறக்கும்போது அந்த உயிரினம் அதே இடத்தில்தான் நிற்கும். பிள்ளை அழுதால் எழும்ப வேண்டிய தாய்க்கும், இரவு வேலைக்குக் கூப்பிட்டால் ஓட வேண்டியவருக்கும் இதே வழி உதவும்.

இன்னொரு சின்னக் கேள்வியும் இருக்கிறது. உங்கள் கதையில் பாதி எழுத்தில் இருக்கிறது: கடிதங்கள், முறைப்பாடுகள், நிலையத்து ஆட்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிய செய்திகள். அவற்றையெல்லாம் நான் அம்மாவுக்கும் தம்பிக்கும் தமிழில் வாசித்துச் சொன்னேன், உயிரினம் பக்கத்தில் திரியும்போதே. தமிழில் உப எழுத்துகள் போட முடியுமா என்று ஒருதரம் யோசியுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாகவும் இருக்கட்டும்.

முதல் பாகத்தின் முடிவில் டொரன்ஸ் கப்பலில் அது மறுபடி முன்னால் நிற்கிறது. இரண்டு மூன்று பொத்தான்களை அழுத்தச் சொல்லிவிட்டு, அமண்டாவை விண்வெளியில் மிதக்க விட்டுவிட்டீர்கள். அவ்வளவு தூரம் வந்தவளுக்கு அது போதாத முடிவு. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு வெளிச்சம் வந்து அவள் முகத்தில் மெதுவாகப் படுகிறது, அவள் கண்ணைத் திறக்கிறாள், திரை கறுக்கிறது. அம்மா அன்று எங்களுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தார். "ஆர் வந்தது?" என்று கேட்டார். தெரியாது என்று சொன்னோம். அதற்குப் பிறகு தம்பி கட்டாரிலிருந்து எடுக்கும்போதெல்லாம், அந்த விளையாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், அம்மா அதைத்தான் கேட்கிறார்.

இரண்டாம் பாகத்தில் அதைச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உவர்மலையிலிருந்து ஒரு அக்கா,
திருகோணமலை